பச்சை வாயுவும் எங்க வீட்டுச் சிலிண்டரும்

மூக்கப் பொத்தாதீங்க அண்ணாச்சி. பைக்குள்ள ஒண்ணும் செத்துக் கிடக்கல. ரப்பர் குழாய்தான். சாண எரிவாயுத் தொட்டிலருந்து அடுப்புக்குப் போற குழாய். ஓரத்துல வெடிச்சுப்போச்சு. அளவு காட்டித் தூத்துக்குடில வேற வாங்கணும். கழுவித்தான் கொண்டாந்தேன். கழுவினாலும் வாடை போகமாட்டேங்கு. இதுக்குப் பேருதான் பசுமை எரிசக்தியாம். ஜன்னலத் தொறந்து வச்சுக்கிடுங்க, பஸ் குளத்தூர் தாண்டுறதுக்குள்ள பழகிரும்.

எம் பேரு லிங்கத்துரை. கரிசலோடை பஞ்சாயத்துத் தலைவர். அதாவது, தலைவரோட வீட்டுக்காரன். ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணாத்தான் இருந்துச்சு, போன வருஷம் வரைக்கும்.

எங்க ஊருச் சீட்ட பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாவ அண்ணாச்சி. நான் வருஷக் கணக்கா ஊர்ல ஒரு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு இழவு விடாமப் போயி முகத்தக் காட்டி வச்சிருக்கேன். துட்டி வீட்டுல எனக்கு முன்னாடி ஒருத்தன் போயி உக்காந்ததில்ல. எல்லாம் எதுக்கு? தேர்தல் வரும்போது ஒதுக்கீடுங்காவ. சரி, சட்டத்த மதிக்கணும்லா? எம் பொண்டாட்டி சந்தனமாரிய நிக்க வச்சேன். போஸ்டர்ல எம் படம் பெருசு, கும்பிட்ட கையோட. அவ படம் ஓரத்துல, ரேஷன் கார்டுலருந்து எடுத்தது. ஜனங்களுக்குக் குழப்பம் வந்துரக்கூடாது பாருங்க.

ஜெயிச்சேன். பதவிப் பிரமாணம் மட்டும் அவ எடுத்தா. அதையும் நானே எடுத்திருப்பேன், அந்த ஆபீசர் ஒத்துக்கிடல.

ஆபீஸ்ல நாற்காலில நான் இருப்பேன், அவ பக்கத்துல ஸ்டூல்ல இருப்பா. ஜன்னல் காத்து அந்தப் பக்கம்தான் நல்லா வரும்னு ஸ்டூல அங்க போடச் சொன்னதே நாந்தான். அந்த அளவுக்கு அக்கறையா வச்சிருந்தேன். அவளும் வாயத் தொறக்க மாட்டா. வாரவுக போறவுகளப் பாத்துக்கிட்டே இருப்பா. பாவம், ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் கம்பெனிக்காரவிய வந்தாவ. வெள்ளைக் கார், உள்ள ஏசி. இறங்கின பையன் பேரு பிரசன்னா. இன்ஜினியர். மெட்ராஸ்ல படிச்ச புள்ளை, மரியாதை தெரிஞ்ச புள்ளை, என்னையத் தலைவர் சார்னுதான் கூப்பிட்டான். சுவத்துல வெள்ளைத் துணியத் தொங்கவிட்டுப் படம் காட்டினான். வட்டாரக் காலநிலைச் செயல்திட்டமாம். வெயில் கூடிக்கிட்டே போகுதாம். எங்க ஊர்ல வந்து வெயில் கூடுதுன்னு சொல்லுதான் பாருங்க. நல்லவேளை, படத்தோட வந்து சொன்னான், இல்லன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது.

விஷயம் என்னன்னா, பச்சை ஹைட்ரஜன். காத்தாலை, சோலார் இதுலருந்து வாற கரண்ட வச்சு, தண்ணிய ரெண்டா ஒடச்சு, வாயு எடுப்பாவளாம். எரிச்சா புகை கிடையாதாம்.

"தண்ணிய எப்படித் தம்பி ஒடைப்பிய?"ன்னு கேட்டேன்.

"கரண்ட் பாய்ச்சினா பிரிஞ்சிரும் சார்."

"சரி, அந்த வாயு பாக்க இலைப் பச்சையா, கிளிப் பச்சையா?"

"அதுக்கு நிறமே கிடையாது சார்."

"பெறகு என்னத்துக்குப் பச்சைங்கிய?"

"சும்மா, பேருதான் சார்."

எனக்குப் பிடிச்சுப்போச்சு. நிறமே இல்லாத ஒண்ணுக்குப் பச்சைன்னு பேரு வைக்கத் தெரிஞ்சவன் சாதாரண ஆளா? அந்த வாயுவ அமோனியாவா மாத்தித் தூத்துக்குடில கப்பல் ஏத்திருவாவளாம். வெளிநாட்டுக்காரன் அத வச்சு உரம் பண்ணுவான், இரும்பு உருக்குவான், அவன் ஊர் காத்து சுத்தமாயிரும். நம்ம ஊருக்கு என்ன ஆகும்னு நான் கேக்கல. கேட்டா பட்டிக்காட்டான்னு நினைச்சுருவாவ.

அப்ப ஸ்டூல்லருந்து ஒரு சத்தம். "தண்ணிய எங்கருந்து எடுப்பிய தம்பி?"

யாருன்னு பாத்தா எம் பொண்டாட்டி. "ஏளா, பேசிக்கிட்டிருக்கோம்லா, போயி தம்பிக்குக் காபி கொண்டா"ன்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா. ஆனா கேட்டது கேட்டதுதான, அந்தப் பையன் பதில் சொல்லிட்டான். கடல் தண்ணிய நல்ல தண்ணி ஆக்குற ஆலை ஒண்ணு கட்டப் போறாவளாம். அது முடியுறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் எங்க கண்மாய்த் தண்ணி வேணுமாம். இடைக்கால ஏற்பாடாம்.

"இவ்வளவுதானா? எடுத்துக்கிடுங்க தம்பி, நம்ம கண்மாய்தான்"ன்னேன். நான் அப்படித்தான் அண்ணாச்சி, கேட்டு வந்தவன வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். எந் தோட்டத்துல போர்க் கிணறு இருக்கு, நான் கண்மாய நம்பி இல்ல. மத்தவங்களுக்கு மிளகாய் கருகுமேன்னு கேப்பிய. மழை பெய்யும்லா? எப்பமாச்சும் பெய்யத்தான செய்யும்.

அந்த நல்ல மனசுக்குத்தான் கம்பெனி எங்க ஊருக்குன்னு ஒரு சாண எரிவாயுத் தொட்டி கட்டித் தாரோம்னு சொன்னாவ. மாட்டுச் சாணம், சோத்து மிச்சம், காய்கறிக் கழிவு எல்லாத்தையும் கரைச்சு ஊத்தினா அடுப்பெரிக்க வாயு வரும். பிரசன்னா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துப் பக்கம் கட்டலாம்னான். அங்க இன்னும் விறகு வச்சுத்தான் பொங்குதாவ. "பள்ளிக்கூடத்துல நாத்தம் அடிச்சா பிள்ளைங்க படிப்பு என்ன ஆகுறது தம்பி"ன்னு நான் தடுத்துட்டேன். எந் தோட்டத்தத் தியாகம் பண்ணி, அதுக்கு ஒட்டுன புறம்போக்குல கட்ட வச்சேன். வாயு போக மிச்சம் வழியுற கரைசல் நல்ல உரம். அது என் தென்னை மூட்டுக்குப் பாயுற மாதிரி வாட்டம் அமைஞ்சது தற்செயல்.

கட்டி முடிச்சாச்சு. திறப்பு விழாவுக்குக் கலெக்டரம்மா வாராவ. ஊர்ல ஒரு பயலும் சாணி கொண்டு வரல. "ஒந் தென்னைக்கு நாங்க என்னத்துக்குச் சுமக்கணும்?"ங்கான். பொறாமை. கடைசில நானே ஆள் வச்சு அள்ளிப் போட்டேன், விழாவுக்கு முந்தின வாரம். அது புளிச்சு வாயு கிளம்ப இன்னும் எவ்வளவோ நாளாகும்னு அப்பத்தான் சொல்லுதாவ.

எங்க ஊர்ல உலகுன்னு ஒரு வயர்மேன். மோட்டார் ஓட்டுவான், சீரியல் செட் போடுவான். "ஒரு சிலிண்டரச் சுவத்துக்குப் பின்னாடி வச்சு, குழாய உள்ள விட்டா, எந்த வாயுன்னு யாருக்கு அண்ணே தெரியும்?"ன்னான். யோசனை அவனோடது. நான் சரின்னு மட்டும்தான் சொன்னேன். சிலிண்டர் எங்க வீட்டுது.

விழா அன்னைக்குக் காலைல பந்தல் என்ன, தோரணம் என்ன. பேனர்ல நான் கூலிங் கிளாஸ் போட்டு நிக்கேன். கலெக்டரம்மா வந்தாவ, ரிப்பன வெட்டினாவ, தீக்குச்சியக் கிழிச்சாவ. நீலமா எரியுது அண்ணாச்சி! ஜனங்க கை தட்டுது. பிரசன்னா மட்டும் தொட்டியப் பாக்கான், அடுப்பப் பாக்கான், மறுபடி தொட்டியப் பாக்கான்.

"போன வாரம்தான சார் ரொப்பினீங்க?"

"எங்க ஊர் மாடு அப்படித் தம்பி"ன்னேன்.

கலெக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இந்த அடுப்புலயே டீ போடுங்க, குடிச்சுட்டுப் போறேன்னுட்டாவ. பாலை வச்சாச்சு. பொங்கி வாற நேரம். தெற்க இருந்து எம் பொண்டாட்டி வாரா. இடுப்புல பானை. பானைல கழுவின அரிசி. நேர கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னு, "ஏங்க, கலெக்டரம்மாவுக்குச் சாப்பாடு செய்யணும்னு சொன்னியளே, உலை வைக்கப் போனா சிலிண்டரக் காணோம். எங்க தூக்கிட்டு வந்திய?"ங்கா.

நான் கண்ணக் காட்டுதேன், பல்லக் கடிக்கேன். அவளுக்குப் புரியல. "சரி, நீங்க வேலையப் பாருங்க, நான் எடுத்துக்கிடுதேன்"னு சொல்லிட்டு, பானையக் கீழ வச்சுட்டு, நேர சுவத்துக்குப் பின்னாடி போயிட்டா. அடுப்பு அணைஞ்சுபோச்சு. பொங்க வந்த பால் அப்படியே அமுங்கிருச்சு.

"கிடைச்சிருச்சுங்க!"ன்னு அங்கருந்து ஒரு குரல் வேற.

வெகுளி அண்ணாச்சி. சூதுவாது தெரியாத பொம்பளை. சபை நடப்பு தெரியாது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. சுவத்துக்குப் பின்னாடின்னு அவளுக்கு யாரு சொன்னா? உலகு மேலதான் சந்தேகம். அவனக் கேட்டா குலசாமி மேல சத்தியம் பண்ணுதான்.

கலெக்டரம்மா டீக்குன்னு கைல வாங்கி வச்சிருந்த காலி டம்ளரக் கீழ வச்சாவ. "இந்த ஊர்த் தலைவர் யாரு?"ன்னாவ. நான் ரெண்டு எட்டு முன்னால வைக்கதுக்குள்ள, சிலிண்டர உருட்டிக்கிட்டு வந்தவ நிமிந்து, "நாந்தான் மேடம்"னா. கலெக்டரம்மா பேனரப் பாத்தாவ. என்னையப் பாத்தாவ. அவளப் பாத்தாவ. "அடுத்த கூட்டத்துக்கு நீங்க வாங்கம்மா. நீங்க மட்டும் வந்தாப் போதும்"னுட்டு கார்ல ஏறிட்டாவ.

அன்னைக்கு நான் வீட்டுல சாப்பிடல. அவ நாலு தடவை கூப்பிட்டா. கடைசில பொறுக்க மாட்டாம, "வேணும்னேதான செஞ்ச?"ன்னு கேட்டேன்.

"சோறு பொங்கணும்லா?"ன்னா. பெறகு தட்டத் தள்ளி வச்சுட்டு உக்காந்தா. "கண்மாயக் கொடுத்துட்டு வந்தியளே, எங்கண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? அவன் இந்த வருஷம் கரை ஓரம் முழுக்க மிளகாய் வச்சிருக்கான். வடக்குத் தெருல ஒரு வீட்டயாவது கேட்டியளா? அந்தத் தண்ணிய நம்பி மாடு கட்டியிருக்காவ. எம் பேரச் சொல்லிக் கொடுத்திருக்கிய. நாளைக்குக் கண்மாய் வத்தினா, தலைவர் சந்தனமாரி கொடுத்துட்டான்னுதான சொல்லுவாவ? லிங்கத்துரை கொடுத்துட்டான்னா சொல்லுவாவ?"

நியாயமாப் பாத்தா அவ பேரு வெளிய தெரிய வந்ததே என்னாலதான். அத யாரு நினைக்கா?

பெறகு கிராம சபை வந்துச்சு. ஆபீசு முன்னால பந்தல். அவ போயி நாற்காலில உக்காந்துட்டா. நான் பழக்க தோஷத்துல பக்கத்துல போனேன், அங்க ஸ்டூல் கூட இல்ல. கீழ ஜமுக்காளத்துல வடக்குத் தெருக்காரனுவளோட உக்காந்தேன். தள்ளி உக்காந்து இடம் கொடுத்தான்வ, அத ஒத்துக்கிடணும். சிரிச்சுக்கிட்டே கொடுத்தான்வ, அதுதான் பொறுக்கல.

பிரசன்னா எல்லாத்தையும் விளக்கிச் சொன்னான். எத்தனை பேருக்கு வேலை, என்ன ரோடு, என்ன லைட்டு. அவன் முடிச்சதும் அவ மைக்க வாங்கினா. மைக் சேலைல உரசி கரகரங்குது. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். எங்கயாவது உளறி எம் மானத்த வாங்கிருவாளோன்னு பயம்.

"கம்பெனி வரக்கூடாதுன்னு நான் சொல்லல தம்பி. வரட்டும். நம்ம புள்ளைங்க வேலைக்குத் திருப்பூர் போயித்தான் சாகணும்னு ஒண்ணும் இல்ல. உலகத்துக்கு நல்லதுன்னு வேற சொல்லுதிய, இருக்கட்டும். ஆனா கடல் அங்கதான கிடக்கு? கடல் தண்ணி ஆலைய முதல்ல கட்டுங்க. பெறகு வாயு எடுங்க. கண்மாய்ல ஒரு வாளி கிடையாது."

"மேடம், அப்படின்னா திட்டமே தள்ளிப் போயிரும்"னான் பிரசன்னா.

"போகட்டும் தம்பி. திட்டத்தத் தள்ளி வைக்கலாம். காஞ்ச மிளகாச் செடியத் தள்ளி வைக்க முடியாதுலா?"

கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சான். "நீ பாட்டுக்குப் பேசுத. கம்பெனிக்காரன் கோவிச்சுட்டுப் பக்கத்து ஊருக்குப் போயிட்டா, எம் மவனுக்கு நீயா வேலை கொடுப்ப?"ன்னான். நல்ல கேள்வி. நான் கூட மனசுக்குள்ள அப்படிப் போடுடான்னு நினைச்சேன்.

அவ மைக்கக் கீழ இறக்கிட்டா. பெறகு மைக் இல்லாமத்தான் சொன்னா. "எனக்கும் அந்தப் பயம் இருக்கு மாமா. எம் மவளும் படிச்சுட்டு வீட்டுலதான் இருக்கா. ஆனா தண்ணி போச்சுன்னா நம்மதான் ஊர விட்டுப் போகணும். கம்பெனி போனா கம்பெனி மட்டும்தான் போகும்."

கை தூக்கச் சொன்னாவ. எல்லாக் கையும் எந்திரிச்சுச்சு. கேள்வி கேட்ட மாமா கையும் எந்திரிச்சுச்சு. எங்கையும்தான். எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? குடும்ப ஒற்றுமைன்னு ஒண்ணு இருக்குலா.

கம்பெனிக்காரவிய கார எடுத்துட்டுப் போனவிய போனவியதான். மாசக் கணக்கா ஒரு சத்தமும் இல்ல. ஊர்ல முணுமுணுப்பு ஆரம்பிச்சுச்சு. அந்த மாமா எங்க வீட்டுத் தெருவழியே போறதையே விட்டுட்டாரு. அவ சரியாச் சாப்பிடாம, ரோட்டுல கார்ச் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா. எனக்கு ஒரு பக்கம் குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. "பாத்தியா, நான் இருந்திருந்தா"ன்னு ஆரம்பிப்பேன். முடிக்க விட மாட்டா, எந்திரிச்சுப் போயிருவா.

ஐப்பசி பெறந்து மழை விழுந்து கண்மாய் நிறைஞ்ச சமயம் அந்த வெள்ளைக் கார் வந்துச்சு. இப்ப நேர அவட்டப் போயி நிக்குது. கடல் தண்ணி ஆலையத்தான் முதல்ல கட்டப் போறாவளாம். இந்த வட்டாரத்துக் காலநிலைத் திட்டத்துலயே எழுதிட்டாவளாம், வாயு ஆலை எதுவும் ஊர்க் கண்மாய்ல கை வைக்கக் கூடாதுன்னு. ஆபீசர்மார் மத்தில அதுக்குக் கரிசலோடை நிபந்தனைன்னு பேராம். லிங்கத்துரை நிபந்தனைன்னு வச்சிருக்கலாம். நான் முதல்ல தண்ணியத் தூக்கிக் கொடுக்கலன்னா, அவ எத அண்ணாச்சி தடுத்திருப்பா? அத ஒருத்தனும் யோசிக்கல.

சாணத் தொட்டியையும் விடல. என் தோட்டத்து ஓரத்துல கட்டினது அப்படியே கிடக்கட்டும்னுட்டு, சத்துணவுக் கூடத்துப் பக்கம் வேற கட்ட வச்சுட்டா. அங்க சமைக்கிற பிச்சம்மா கண்ணு வருஷம் பூரா புகைல செவந்து போயித்தான் இருக்கும். இப்ப வீட்டுக்கு வீடு சாணி வருது. முறை வச்சுக் கொண்டாராவ. எந் தோட்டத்துக்குக் கொண்டுவராத பயலுவ அங்க போட்டி போட்டுக் கொண்டாரான். எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கா. கச்சாப் பொருள் பிரிவு முழுக்க எங்கைலதான். காலைல வண்டியத் தள்ளிக்கிட்டுத் தெருத் தெருவாப் போயி, வாளி வாளியா வாங்கி, கரைச்சு, கட்டி இல்லாமக் கலக்கி ஊத்தணும். கட்டி இருந்தா குழாய் அடைச்சுக்கிடும். அதுக்கு ஒரு கைப்பக்குவம் வேணும். கண்டவன்ட்ட கொடுக்க முடியாதுன்னு அவளே சொன்னா.

புது அடுப்ப முதல் தடவை பத்த வைக்கிற அன்னைக்கு கலெக்டரும் இல்ல, பேனரும் இல்ல. தீப்பெட்டிய எங்கைல தந்தா. "நீங்களே பத்த வைங்க. உங்களுக்கு முன்னனுபவம் இருக்குலா"ன்னா. எல்லாரும் சிரிச்சாவ. நான் குச்சியக் கிழிச்சேன். நீலமா வந்துச்சு அண்ணாச்சி. சத்தமே இல்லாம. பிச்சம்மா கிட்ட வந்து, புகை வரும்னு பழக்கத்துல கண்ண இடுக்கிக்கிட்டே நின்னா. வரல. பெறகு மெல்லக் கண்ண முழிச்சுப் பாத்தா. நான் முகத்தத் திருப்பித் துண்டால தொடச்சுக்கிட்டேன். சாணி வாடைதான்னு நினைக்கேன்.

இப்ப என்ன விஷயம்னா, அடுத்த தேர்தலுக்கு எங்க ஊருச் சீட்டு பொதுவுக்கு வந்துருச்சு. அப்பாடான்னு ஆச்சு எனக்கு. வேட்டி சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு வடக்குத் தெருல இருந்து ஓட்டுக் கேக்க ஆரம்பிச்சேன். எல்லாரும் நல்லாத்தான் பேசினாவ, உக்காரச் சொன்னாவ, மோர் தந்தாவ. "தலைவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதோமே"ன்னாவ. எந்தத் தலைவர்னு எனக்கு முதல்ல விளங்கல பாத்துக்கிடுங்க.

வீட்டுக்கு வந்து, "ஏளா, பொதுச் சீட்டு ஆயிட்டு. இனி நீ நிம்மதியா வீட்டப் பாக்கலாம்"னேன். அவ மிளகாய் ஆய்ஞ்சுக்கிட்டே, "பொதுன்னா யாரு வேணாலும் நிக்கலாமாம்லா? நானும் நிக்கலாம்னு இருக்கேன்"ங்கா.

நான் பொதுன்னா ஆம்பளைக்குன்னு நினைச்சுட்டேன். அத யாரும் வெவரமாச் சொல்லல பாருங்க.

பெறகு ஒரு தாளக் கொண்டாந்து முன்னால வச்சா. ஒருத்தர் நிக்கணும்னா, அவரு பேர முன்மொழிஞ்சு இன்னொருத்தர் கையெழுத்துப் போடணுமாம். "நீங்க போடுதியளா, உலகுட்ட கேக்கவா?"ன்னா.

உலகாம்! எங்கைலருந்த பேனாவ அப்பவே தொறந்துட்டேன். போட்டுக் கொடுத்தேன். எழுத்துக் கொஞ்சம் கோணிருச்சு, அது கிடக்கட்டும். என்னதான் கலெக்டர் வரைக்கும் போயிப் பேசினாலும், நான் கையெழுத்துப் போடாம அவளால தேர்தல்ல நிக்க முடிஞ்சுதா, சொல்லுங்க?